மதுக்கூட வினாடி வினா

மதுக்கூட வினாடி வினா அல்லது பப் குவிஸ் என்பது மதுக்கூடம், உணவகம், மன்றம் போன்ற பொது இடங்களில், பெரும்பாலும் வாரத்தின் ஒரு குறித்த நாள் மாலையில், குழுக்களாக அமர்ந்து விடை எழுதும் பொது அறிவுப் போட்டி ஆகும். தொலைக்காட்சியில் நடைபெறும் வினாடி வினாவில் சிலர் போட்டியிடுவர், பலர் பார்த்திருப்பர். இதில் அறையில் உள்ள அனைவருமே போட்டியாளர்கள். வினாக்களை ஆக்குவது, வாசிப்பது, விடைகளுக்குத் தீர்ப்புச் சொல்வது ஆகிய மூன்று பணிகளையும் ஒருவரே செய்வது வழக்கம். இவர் நடத்துநர் எனப்படுவார்.

இப்போட்டி ஐக்கிய இராச்சியத்தில் தோன்றி வளர்ந்தது. எனினும் இதற்கு இன்றியமையாதவை ஒரு மேசை, ஒரு தாள், நான்கைந்து நண்பர்கள், நம்பகமான ஒரு நடத்துநர் ஆகியவை மட்டுமே. ஆதலால் மதுக்கூடம் இல்லாத ஊர்களுக்கும் இவ்வடிவம் பொருந்தும். உள்ளூர் அறிவு கலந்தால்தான் வாராந்திரப் போட்டி சுவைக்கும் என்பதால், இக்கட்டுரையில் வினா அமைக்கும் முறையை விளக்கும் எடுத்துக்காட்டுகள் காஞ்சிபுரம் என்னும் ஒரே ஊரிலிருந்து எடுத்தாளப்படுகின்றன.

சொல்

தமிழில் வழங்கும் வினாடி வினா என்னும் தொடர், நொடியைக் குறிக்கும் வினாடியையும் கேள்வியைக் குறிக்கும் வினாவையும் மோனையழகோடு இணைத்து உருவானது. வானொலி, தொலைக்காட்சிப் போட்டிகளின் விரைவுக்கு இப்பெயர் மிகவும் பொருந்தும். மதுக்கூடப் போட்டிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கு ஒரு வினாவுக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ கூடிப் பேச நேரம் தரப்படுகிறது.

குவிஸ் என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. 1791 இல் டப்ளின் நகர நாடக அரங்கு ஒன்றின் மேலாளரான டேலி என்பவர், பொருளற்ற ஒரு புதுச் சொல்லை ஒரே இரவில் ஊர் முழுவதும் பேசவைப்பதாகப் பந்தயம் கட்டி, சுவர்களில் எல்லாம் இச்சொல்லை எழுதச் செய்தார் என்பது அக்கதை. ஆனால் விந்தையான ஆள் என்னும் பொருளில் இச்சொல் 1782 ஆம் ஆண்டளவிலேயே வழக்கில் இருந்துள்ளது. ஆகவே கதை கதையே. இருந்தும் இது வினாடி வினாக்களில் உண்மையைப் போல் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டு வந்துள்ளது.

வரலாறு

வானொலியில் வினாடி வினா நிகழ்ச்சிகள் ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் பெருகின. ஐக்கிய இராச்சியத்தில் பல்கலைக்கழக அணிகள் மோதும் யுனிவர்சிட்டி சாலஞ்ச் 1962 இலும், தனியொருவர் நாற்காலியில் அமர்ந்து வினாக்களை எதிர்கொள்ளும் மாஸ்டர்மைண்ட் 1972 இலும் தொலைக்காட்சியில் தொடங்கின. இரண்டாம் உலகப் போரில் செருமானியரிடம் சிறைப்பட்டு விசாரிக்கப்பட்ட பட்டறிவே பின்னதை உருவாக்கிய பில் ரைட்டுக்கு அந்த நாற்காலியையும் ஒற்றை விளக்கையும் தோற்றுவித்தது என்பர்.

இந்நிகழ்ச்சிகளை வீட்டில் பார்த்து உரக்க விடை சொல்லிப் பழகிய மக்கள் மதுக்கூடங்களுக்கும் வந்துகொண்டிருந்தனர். வெள்ளி, சனி இரவுகளில் நிரம்பி வழியும் மதுக்கூடங்கள் வாரத்தின் தொடக்க நாட்களில் வெறிச்சோடிக் கிடந்தன. 1976 இல் ஷரன் பர்ன்ஸ், டாம் போர்ட்டர் என்னும் இருவர் தென் இங்கிலாந்தில் 32 அணிகளைக் கொண்டு மதுக்கூடங்களுக்கிடையே போட்டிகளை ஒழுங்குசெய்தனர். கூட்டமில்லாத இரவுகளில் ஆட்களை வரவழைப்பதே நோக்கம். நோக்கம் நிறைவேறியது, சில ஆண்டுகளில் போட்டி பல்லாயிரவரின் வார வழக்கமாயிற்று. ஐக்கிய இராச்சியத்தில் வாரந்தோறும் நடக்கும் மதுக்கூட வினாடி வினாக்களின் எண்ணிக்கையை 2009 ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு 22,445 எனக் கணித்தது. அயர்லாந்தில் இது மேசை வினாடி வினா என்னும் பெயரில் பள்ளிகளுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் நிதி திரட்டும் வழியாகவும் நிலைபெற்றுள்ளது.

2020 இல் கொரோனா பெருந்தொற்றால் மதுக்கூடங்கள் மூடப்பட்டன. இங்கிலாந்தின் டார்வென் என்னும் சிற்றூரில், முன்பு மதுக்கூடம் நடத்திய ஜே பிளின் என்பவர், தம் ஊர் மதுக்கூடத்துக்கு வழக்கமாக வருவோருக்கென இணையவழியில் ஒரு வினாடி வினாவை அறிவித்தார். அறிவிப்பு தவறுதலாக எல்லோருக்கும் பொதுவாக வெளியாகிவிடவே, இலட்சக்கணக்கானோர் அதில் சேர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று அவர் நடத்திய போட்டியில் 182,513 வீடுகள் கலந்துகொண்டது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. ஒரு காலத்தில் தங்க வீடின்றி இலண்டன் தேம்சு ஆற்றங்கரை இருக்கையில் படுத்துறங்கியவர் இவர். மக்கள் தேடி வந்தது மதுவை அன்று, வாரந்தோறும் வாய்க்கும் கூட்டுறவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நடைமுறை

ஓர் அணியில் பொதுவாக நால்வர் முதல் அறுவர் வரை இருப்பர். நுழைவுக் கட்டணம் சிறு தொகையாக இருக்கும். அத்தொகையே பெரும்பாலும் பரிசாகத் திரும்பி வரும். போட்டி ஐந்து முதல் எட்டுச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டு, சுற்றுக்கு எட்டு அல்லது பத்து வினாக்கள் கேட்கப்படும். இடைவேளை உட்பட இரண்டு முதல் இரண்டரை மணி நேரத்தில் முடிவது நன்று. அதற்கு மேல் நீண்டால் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் எழுந்துவிடுவர்.

நடத்துநர் ஒவ்வொரு வினாவையும் இரு முறை வாசிப்பார். சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு முறை விரைந்து வாசிப்பார். அணிகள் தமக்குள் தாழ்ந்த குரலில் பேசி விடைத்தாளை நிரப்பும். உரக்கப் பேசினால் பக்கத்து மேசை கேட்டுவிடும் என்பதால் காவலுக்கு ஆள் தேவைப்படுவதில்லை. பின்னர் தாள்கள் பக்கத்து மேசையோடு மாற்றப்பட்டு, நடத்துநர் விடைகளை அறிவிக்க, எதிரணியே மதிப்பெண் இடும். படச் சுற்றுக்குரிய தாள் தொடக்கத்திலேயே தரப்பட்டு, வினாக்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் நிரப்பப்படுகிறது. இசைச் சுற்றில் பாடல்களின் தொடக்க இசை சில நொடிகள் மட்டும் ஒலிக்கும். சில இடங்களில் ஓர் அணி தனக்கு வலுவான ஒரு சுற்றை முன்கூட்டியே தேர்ந்து, அதில் இரட்டை மதிப்பெண் பெறலாம்.

சமநிலை ஏற்பட்டால் ஓர் எண்ணை ஊகிக்கும் வினா கேட்கப்பட்டு, அண்மையான எண்ணைத் தந்தவர் வென்றவராவார். இதற்கு எவருக்கும் சரியாகத் தெரியாத, ஆனால் எவரும் மதிப்பிடக்கூடிய எண்ணே ஏற்றது. காஞ்சி கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்று மதிலை ஒட்டி எத்தனை சிறு கோயில்கள் உள்ளன என்பது நல்ல சமன்முறி வினா. பரவலாகத் தரப்படும் விடை 58. அக்கோயிலைப் பலமுறை சுற்றியவர்கூட எண்ணியிருக்க மாட்டார். ஆனால் இருநூறு என்றும் எழுத மாட்டார்.

வினாக்களை அமைத்தல்

வாரத்துக்கு 50 வினா என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 வினாக்கள் வேண்டும். கேட்டதையே கேட்டால் வழக்கமாக வருவோர் முதல் சொல்லிலேயே கண்டுகொள்வர். எனவே நடத்துநரின் உழைப்பில் பெரும்பகுதி மேடையில் அன்று, அதற்கு முந்தைய ஆறு நாட்களில் நிகழ்கிறது.

தொடக்க நடத்துநர்கள் செய்யும் பெரும்பிழை, தமக்குத் தெரிந்த அரிய செய்தியைக் கேட்டு மற்றவரை வாயடைக்கச் செய்வது. எவரும் விடை எழுதாத வினா கடினமான வினா அன்று, வீணான வினா. நல்ல வினா என்பது விடை தெரியாதவரும் கூடி யோசித்தால் நெருங்கக்கூடிய வழியைத் தன்னுள்ளே வைத்திருப்பது. விடை அறிவிக்கப்பட்டதும் தோற்ற மேசையிலிருந்து "அடடா, இதுதானா" என்னும் குரல் எழ வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கோர்வை என்றால் என்ன என்று கேட்பது அகராதியைப் புரட்டுவதற்கு ஒப்பு. அதையே இவ்வாறு கேட்கலாம்: "காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறமாகவும் இரு கரைகளும் வேறு நிறமாகவும் அமைய, மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். தறியில் நெசவாளரோடு உதவியாளர் ஒருவரும் அமர வேண்டியிருக்கும். உடலும் கரையும் இழைக்கு இழை பிணையும் இம்முறை, பூத்தொடுப்பதை நினைவூட்டும் ஒரு பெயரால் வழங்குகிறது. அப்பெயர் என்ன?" நெசவு தெரிந்தவர் முதல் வரியிலேயே எழுதிவிடுவார். தெரியாதவருக்குப் பூத்தொடுப்பது என்பதிலிருந்து கோத்தல், கோவை, கோர்வை என்று நடந்து சேரப் பாதை உண்டு.

மற்றொன்று: "எட்டாம் நூற்றாண்டில் ஓர் அரசன் காஞ்சிபுரத்தை வென்று உட்புகுந்தான். தன் குலத்துக்கும் பல்லவருக்கும் பழம்பகை இருந்தும் அவன் கைலாசநாதர் கோயிலை அழிக்கவில்லை. அதன் செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பித் தந்து, அச்செய்தியைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துச் சென்றான். அவன் எக்குலத்தவன்?" கன்னடம், பழம்பகை என்னும் இரு குறிப்புகளும் வாதாபியை நினைவூட்டும். விடை சாளுக்கியர், அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன். அவனுடைய அரசி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயில் காஞ்சிக் கோயிலின் சாயலைக் கொண்டிருப்பதை விடையோடு சேர்த்துச் சொன்னால், வினா முடிந்த பிறகும் மேசைகளில் பேச்சு தொடரும்.

எளிய வினாக்களுக்கும் இடம் உண்டு. 1942 இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு இதழைத் தொடங்கியவர் யார் என்பதற்கு எல்லா அணிகளும் அண்ணா என்று எழுதும். முதல் சுற்றின் முதல் வினா அத்தகையதாக இருப்பதில் குற்றமில்லை. சுழியத்தோடு தொடங்கும் அணி அடுத்த வாரம் வராது. பொதுவாக, நடுத்தர அணி ஒன்று பாதிக்கு மேற்பட்ட வினாக்களுக்கு விடை எழுதக்கூடியதாக ஓர் இரவின் வினாத்தாள் அமைய வேண்டும்.

சுற்றுகளின் கலவையும் கருதத்தக்கது. கிரிக்கெட்டும் திரைப்படமும் மட்டுமே கேட்டால் ஒரே வயதினரான ஒரே வகை அணிதான் வெல்லும். சமையல், இலக்கணம், செடிகொடி, நாணயம், உள்ளூர்ச் சாலைப் பெயர் என்று விரித்தால் தாத்தாவையும் பேத்தியையும் ஒரே அணியில் சேர்த்தவர்களுக்கு வாய்ப்புக் கூடும். ஒரே அணி வாரந்தோறும் வெல்வது இப்போட்டிகளின் தீராத நோய். பரிசைக் கடைசிக்கு முந்தைய இடத்துக்கும் தருவது, வென்ற அணியை அடுத்த வாரம் வினா அமைக்கச் சொல்வது போன்றவை இதற்குக் கையாளப்படும் மருந்துகள்.

விடையின் உண்மை

நடத்துநரின் கையில் உள்ள தாளில் இருப்பதே விடை என்பது இப்போட்டிகளின் பொது விதி. அவ்விதி இல்லாவிடில் போட்டி முடியாது. ஆனால் அந்த அதிகாரமே அவர் மீது ஒரு கடமையையும் சுமத்துகிறது. ஐம்பது பேர் கேட்க அவர் உறுதியாகச் சொல்லும் பிழை, ஐம்பது வீடுகளுக்குச் செய்தியாகப் போய்ச் சேரும்.

பிழை பரவும் விதத்துக்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்கரான பிரெட் வொர்த் என்பவர் 1974 இல் வெளியிட்ட பொது அறிவுக் களஞ்சியத்தில், தம் நூலைப் படியெடுப்போரைப் பிடிப்பதற்காக, கொலம்போ என்னும் தொலைக்காட்சித் துப்பறிவாளரின் முதற்பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புகுத்தினார். 1980களில் உலகெங்கும் விற்ற டிரிவியல் பர்சூட் என்னும் பலகை விளையாட்டில் அப்பெயர் விடையாக அச்சாகியிருந்தது. வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். செய்திகளுக்குக் காப்புரிமை இல்லை என்று நீதிமன்றம் கருதியதால் அவர் தோற்றார். பொய்யோ வழக்குக்குப் பின்னும் வாழ்ந்தது. ஒரு வினாநூலைப் பார்த்து இன்னொரு வினாநூல் எழுதப்படுவதால், மூன்று நூல்களில் ஒரே விடை இருப்பது மூன்று சான்றுகள் ஆகாது.

காஞ்சிபுரத்தைப் பற்றிய வினாக்களிலும் இத்தகைய கண்ணிகள் நிறைய உள்ளன. நகரங்களுள் சிறந்தது காஞ்சி என்னும் பொருள்படும் வடமொழித் தொடரைக் காளிதாசர் பாடியதாகச் சிலரும் பாரவி பாடியதாகச் சிலரும் எழுதுகின்றனர். பாடியவர் யார் என்று கேட்கும் நடத்துநர் தகராறைத் தாமே விலைக்கு வாங்குகிறார்.

போதிதருமர் எந்த ஊரினர் என்பது இதனினும் நுட்பமானது. காஞ்சியின் பல்லவ இளவரசர் என்னும் விடையே தமிழ்நாட்டில் எங்கும் வழங்குகிறது. ஆனால் அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல்களுள் யாங் சுவான்சி என்பவர் ஆறாம் நூற்றாண்டில் எழுதியது அவரை மேற்கு நாடுகளிலிருந்து வந்த பாரசீகர் என்கிறது. மற்றொரு பழைய குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி என்னும் ஊர்ப்பெயர் பிற்கால மரபில் வருவது. இதற்காக இவ்வினாவைக் கைவிட வேண்டியதில்லை. "2011 இல் வெளிவந்த ஏழாம் அறிவு திரைப்படத்தில் காஞ்சியின் பல்லவ இளவரசராகக் காட்டப்படும் பௌத்தத் துறவி யார்?" என்று கேட்டால் விடை ஐயத்துக்கு இடமின்றி நிற்கும். வினா வரலாற்றைப் பற்றியதா, வரலாற்றைப் பற்றிச் சொல்லப்படுவதைப் பற்றியதா என்பதை நடத்துநர் தமக்குள் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

சில விடைகள் பிறக்கும்போது உண்மையாக இருந்து, பின்னர் பொய்யாகின்றன. மாமல்லபுரம் எந்த மாவட்டத்தில் உள்ளது என்னும் வினாவுக்கு 1997 இல் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின் காஞ்சிபுரம் என்பது விடை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானதால் அதன்பின் செங்கல்பட்டு என்பதே விடை. காஞ்சிபுரம் 2021 இல் நகராட்சியிலிருந்து மாநகராட்சியாக உயர்ந்தது. பழைய குறிப்பேட்டிலிருந்து வினா எடுப்பவர் ஒவ்வொன்றையும் மறுபடி சரிபார்க்காவிடில், சரியாக எழுதிய அணியைத் தவறு என்று அறிவிக்க நேரும். போட்டியில் இதைவிடக் கசப்பான நிகழ்வு வேறில்லை.

தீர்ப்பும் முறையீடும்

விடை எந்த அளவுக்கு முழுமையாக இருக்க வேண்டும் என்பதை வினா வாசிக்கும்போதே சொல்லிவிடுதல் வேண்டும். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் யார் என்பதற்கு ஓர் அணி இராசசிம்மன் என்றும், இன்னோர் அணி இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும், மூன்றாவது அணி வெறுமனே நரசிம்மவர்மன் என்றும் எழுதும். முதல் இரண்டும் ஒரே ஆளைக் குறிப்பன, சரி. மூன்றாவது, வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மனையும் குறிக்கலாம். எத்தனையாவது என்பதும் தேவை என்று முன்பே சொல்லியிருந்தால் தவறு; சொல்லாதிருந்தால் மதிப்பெண் தருவதே முறை. எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பிறமொழிப் பெயர்களைத் தமிழில் எழுதும்போது ஒலி நெருங்கினால் போதும்.

முறையீடுகளைக் கேட்பதில் நடத்துநரின் குணம் வெளிப்படும். பட்டுநெசவைப் பற்றிய வினாவுக்கு நூலில் அச்சான விடையை அவர் வாசிக்க, தறியில் முப்பது ஆண்டு உட்கார்ந்த ஒருவர் எழுந்து அது அப்படியன்று என்று சொல்லக்கூடும். நூல்தான் சரி என்று சாதிப்பது எளிது. அவ்வினாவை நீக்கிவிட்டு அல்லது இரு விடைகளையும் ஏற்றுக்கொண்டு, அடுத்த வாரம் சரிபார்த்து அறிவிப்பதே நல்ல வழக்கம். பிழையை ஒப்புக்கொண்ட நடத்துநரின் அடுத்த தீர்ப்பை மக்கள் எளிதில் ஏற்கின்றனர்.

கைபேசி வந்த பின் ஏமாற்றுவது எளிதாகிவிட்டது. மேசை நடுவில் கைபேசிகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுதல், தேடுபொறியில் நேரடியாகச் சிக்காதபடி இரு செய்திகளை இணைத்துக் கேட்டல், தேட நேரமில்லாத விரைவுச் சுற்று ஒன்றை வைத்தல் முதலியன இதற்கு மாற்று. பரிசுத் தொகையைச் சிறிதாக வைப்பதே இவை எல்லாவற்றிலும் பயனுள்ளது. ஒரு தட்டு வடைக்காக எவரும் மானத்தை விற்பதில்லை.

இந்தியாவில்

இந்தியாவில் பொதுமக்களுக்கான முதல் முறையான வினாடி வினா 1967 இல் கல்கத்தாவில், கிறைஸ்ட் த கிங் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் நீல் ஓ'பிரையனால் நடத்தப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. 1972 இல் போர்ன்விட்டா வினாடி வினாப் போட்டி தொடங்கிப் பள்ளி மாணவரிடையே வானொலி வழியாகப் புகழ் பெற்றது. 1983 இல் பெங்களூரில் கர்நாடக வினாடி வினாச் சங்கம் அமைக்கப்பட்டது. 1985 இல் சித்தார்த்த பாசு நடத்திய குவிஸ் டைம் தூர்தர்சனில் ஒளிபரப்பானது. மதுக்கூடங்களை நிரப்பும் வணிக உத்தியாக இங்கிலாந்தில் பரவிய ஒன்று, இந்தியாவில் தேவாலய மண்டபங்களிலும் கல்லூரி அரங்குகளிலும் வளர்ந்தது என்னும் வேறுபாடு குறிப்பிடத்தக்கது.

இதன் விளைவாக விதிமுறைகளும் வேறுபட்டன. இந்திய அரங்குகளில் எழுத்துத் தேர்வு ஒன்றின் மூலம் ஆறு அல்லது எட்டு அணிகள் மேடைக்குத் தேர்ந்தெடுக்கப்படும். மேடையில் ஓர் அணிக்குத் தெரியாத வினா அடுத்த அணிக்குச் செல்லும். விடை சொன்ன அணிக்கு அடுத்த அணியிடமிருந்து மறுவினா தொடங்கும். தன் முறை வருமுன்னரே விடையை எழுதிக் கொடுத்துக் கூடுதல் மதிப்பெண்ணையோ குறைப்பையோ ஏற்கும் வசதியும் பல போட்டிகளில் உண்டு. நீண்ட குறிப்புகளிலிருந்து விடையை உய்த்தறியும் வினாக்கள் இங்கு சிறப்பாக வளர்ந்தமைக்கு இம்முறை ஒரு காரணம் எனலாம். ஆனால் மேடைக்கு வராத அணிகள் பார்வையாளராகி விடுகின்றன. மதுக்கூட முறை தவிர்க்க முயன்றது இதைத்தான்.

சென்னையில் கண் மருத்துவரான நவீன் ஜெயக்குமார் பல ஆண்டுகள் நடத்திய லேண்ட்மார்க் வினாடி வினா, ஆகஸ்ட் 15 விடுமுறை நாளில் நூற்றுக்கணக்கான அணிகளை ஓர் அரங்கில் கூட்டியது. குடும்பமாக வந்து எழுதுவோர் அதில் மிகுதி. அது ஆண்டுக்கொருமுறை நிகழ்ந்த திருவிழா, ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் இப்பொழுதுபோக்கைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசென்றவை தொலைக்காட்சி நிகழ்ச்சிகளே. 2000 இல் சன் தொலைக்காட்சியில் சரத்குமார் நடத்திய கோடீஸ்வரன், 2012 இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொடங்கிவைத்த நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் பரிசுத் தொகையே கதாநாயகன். ஒருவர் தனியே விடை சொல்ல, மற்றவர் பார்த்திருந்தனர்.

காஞ்சிபுரம் போன்ற ஊரில்

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது. பப் என்னும் வகை மதுக்கூடம் பெருநகர விடுதிகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மது அருந்துவதற்கான சட்டப்படியான வயது 21 ஆதலால், இப்போட்டியை மிகவும் விரும்பக்கூடிய கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் மதுக்கூடப் போட்டிக்கு வெளியே நிற்க வேண்டியவராவர். கோயில் நகரங்களில் பெண்களும் முதியவர்களும் மாலையில் அங்கு வருவர் என்று எதிர்பார்க்கவும் இயலாது. ஆகவே இவ்வடிவம் இத்தகைய ஊருக்கு வருமானால் நூலகத்தின் வாசிப்பறைக்கோ, உணவகத்தின் மாடிக்கோ, திருமண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துக்கோதான் வர வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கு அறிவுப் போட்டி அந்நியமானதன்று. கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் தன் ஆசிரியருடன் காஞ்சியின் கடிகைக்குக் கல்வி கற்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கு வந்துள்ளார். பௌத்தர், சமணர், சைவர், வைணவர் ஆகியோர் ஒரே ஊரில் வாதிட்டு வாழ்ந்தனர். இவற்றை வினாடி வினாவின் முன்னோடி என்று சொல்வது மிகையாகும். சமய வாதத்தில் தோற்றவர் இழந்தது ஒரு மாலைப் பொழுதை மட்டும் அன்று. எனினும் தமிழில் கேள்வி என்னும் சொல் வினவுவதையும் செவிவழி கற்பதையும் ஒருங்கே குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது. திருக்குறளில் கேள்வி என்னும் அதிகாரம் பின்னதைப் பற்றியது.

உள்ளூர் வினாக்களுக்கு இங்கு பஞ்சமில்லை. "1979 இல் தோன்றி, மறுபடி 2019 சூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காட்சி தந்தவர், முதலில் கிடந்த கோலம், பிறகு நின்ற கோலம், அடுத்த வருகை எந்த ஆண்டில்?" என்று கேட்டால், வரதராசப் பெருமாள் கோயில் குளத்து நீரில் நாற்பது ஆண்டு துயிலும் அத்தி வரதரை நினைத்து 2059 என்று கணக்கிட்டு எழுதுவர். ஏகாம்பரநாதர் கோயில் ஐம்பூதத் தலங்களுள் எதற்குரியது என்பது போன்ற வினாக்களை மட்டும் இவ்வூரில் தவிர்க்கலாம். நிலம் என்பது பள்ளிச் சிறுவருக்கும் தெரியும். அவ்வினா வெளியூர்க்காரருக்கு உரியது. மாறாக, சரிகையின் வெள்ளி இழைக்குள் இருக்கும் நூல் எது, சேலையின் எந்தப் பகுதி தனியே நெய்து இணைக்கப்படலாம் என்பன போன்றவை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, பள்ளித் தேர்வு ஒருபோதும் தராத ஓர் ஐந்து நிமிட வெற்றியைத் தரும்.

கிழமையைத் தேர்வதிலும் ஊரைக் கேட்டே முடிவுசெய்தல் வேண்டும். ஒரு முறை குறித்த கிழமையை மாற்றினால் பழக்கம் அறுந்துவிடும். வைகாசிப் பெருவிழாவில் வரதர் கருட வாகனத்தில் எழுந்தருளும் நாளை ஒட்டிப் போட்டி வைத்தால் நடத்துநரும் ஒலிபெருக்கியும் மட்டுமே மிஞ்சுவர். அந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய வாரமே தாளின் அடியில் அதை அறிவித்துவிடுவது நல்லது.